கடவையில் ஒன்றும் இல்லை

ஜனவரி 20

இன்று மூன்று பஸ். தொண்டை கட்டிவிட்டது. மட்டக்களப்பிலிருந்து வந்த ஓர் ஐயா பூநாரைகளைக் கைதட்டிப் பறக்க வைக்கச் சொன்னார், வீடியோ எடுக்க வேண்டுமாம். சரணாலயத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று விளக்கினேன். "அப்ப என்னத்துக்கு ரிக்கெற்?" என்று கேட்டுவிட்டுக் கன்ரீன் பக்கம் போய்விட்டார்.

எனக்கு எதற்குத்தான் பயமில்லை என்று யோசித்தால் சிரிப்புத்தான் வருகிறது. பல்லிக்குப் பயம். நேரங்கெட்ட நேரத்தில் வரும் போனுக்குப் பயம். சரணாலய வள்ளம் ஓட்டுகிற பேணாட் அண்ணன் எஞ்சினை இழுத்தால் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். எங்கள் பொறுப்பதிகாரி ஆனந்தராசா சேர் இருமினாலே, ஒப்பந்தத்தை நீடிக்க மாட்டார் போலிருக்கிறது என்று தோன்றிவிடும். ஏப்ரலோடு முடிகிறது ஒப்பந்தம். மூதூரில் உம்மா என்னை நம்பித்தான் இருக்கிறா. ஆனால் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றுவிட்டால் மட்டும், சுஹைரா மிஸ்ஸுக்குப் பயமென்றால் என்னவென்றே தெரியாது. அந்த நடிப்புக்குத்தான் சம்பளம்.

இன்றைக்குச் சந்தோஷமான விஷயம் ஒன்று. பள்ளிக்கூடம் விட்ட நேரம் பலகைப் பாதையின் முடிவில் நின்றுகொண்டிருந்தேன். பேணாட் அண்ணனின் மகள் ஜெசிந்தா, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, களப்பு ஆழமில்லாத இடத்தில் இறங்கிக் கடக்கிற கடவையை, முழங்கால் தண்ணீரில் தாண்டித் தனியாகப் போகிறாள். என்னைக் கண்டதும் நடுவில் நின்று கத்தினாள். "மிஸ், ஒண்டும் இல்லை!"

அது எங்களுக்குள் ஒரு சொல். போன ஒக்டோபரில் பேணாட் அண்ணன் வள்ளத்தில் வைத்துச் சுற்றாடல் கழகப் பிள்ளைகளுக்குச் சொன்னார், கடவையோரக் கண்டல் மரங்களுக்குள் முனி இருக்கிறது, தனியாகப் போனால் அடித்துப்போடும் என்று. அக்கரை ஊரான மாதாகரைப் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் பயத்தில்தான் வீதியைச் சுற்றிப் பள்ளிக்கூடம் வருவார்கள். நான் அவருக்கு முன்னாலேயே சிரித்துவிட்டேன். பிறகு உச்சி வெயிலில் அத்தனை பிள்ளைகளையும் கைகோர்க்க வைத்துக் கண்டலுக்குள் கூட்டிக்கொண்டு போய், வேரைக் காட்டி, நண்டைக் காட்டி, கடவையில் இறக்கி, "இப்ப சொல்லுங்கோ, இங்க என்ன இருக்கு?" என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை மிஸ்!" காலாண்டு அறிக்கையில் முழுப் பக்கம் எழுதினேன் அதைப் பற்றி.

ஜனவரி 23

இப்போது மாதாகரைப் பிள்ளைகள் எல்லாருமே கடவையால்தான் வருகிறார்கள். வீதியால் வந்தால் முக்கால் மணித்தியாலம், வெயில் வேறு. கடவையால் பத்து நிமிடம். ஜெசிந்தாதான் தலைவி. அவள் இறங்கினால் மற்றதுகளும் இறங்குகின்றன.

ஜனவரி 29

ஒழுங்காக எழுத வேண்டும்.

மதியம் கொழும்பிலிருந்து ஒரு குடும்பம். தாய் பெரிய கமெராவோடு வந்திருந்தா. திரும்பிப் போகும்போது படங்களைக் காட்டி, இது என்ன பறவை, இது என்ன பறவை என்று கேட்டுக்கொண்டு வந்தா. ஒரு படத்தில் நீர்க்காகம். அதற்குப் பின்னால் கண்டல் வேருக்குள் ஒரு மரக்குற்றி. "அந்த மரத்தைக் கொஞ்சம் பெரிசாக்கிக் காட்டுங்கோ" என்றேன்.

மரத்துக்குக் கண் இருந்தது.

முதலை. எங்கள் களப்பின் தெற்குப் பக்கத்தில் எப்போதாவது வெயில் காயும் சின்ன முதலை இல்லை இது. உப்புத்தண்ணீர் முதலை. தலையை மட்டும் பார்த்தாலே தெரிகிறது, எங்கள் வள்ளத்தில் பாதியாவது வரும். நவம்பர் வெள்ளம் அணைக்கட்டை உடைத்தபோது வந்திருக்க வேண்டும். அந்த அம்மா அடுத்த படத்துக்குத் தட்டினா. அதே இடம், கொஞ்சம் தள்ளி. வெள்ளைச் சட்டைகள். சப்பாத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு, சிரித்துக்கொண்டு.

"கியூட் என்ன?" என்றா அந்த அம்மா.

யா அல்லாஹ். அவ்வளவு நேரமும் அது அங்கேயே இருந்திருக்கிறது. பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது.

ஜனவரி 30

விடிந்ததும் ஆனந்தராசா சேரிடம் போனேன். நல்ல மனிதர், குறை சொல்ல ஏலாது. படத்தைப் பார்த்ததும் அவருக்கும் முகம் மாறியது. தலைமை அலுவலகத்துக்கு உடனே போன் எடுத்தார். பிடிக்கிற குழு ஒன்றுதான் இருக்கிறதாம், வெள்ளத்துக்குப் பிறகு எல்லா இடத்திலும் முதலையாம், முறைப்படி எழுதிப் போடச் சொன்னார்களாம். கடவையை மூட அவருக்கு அதிகாரம் இல்லை. அது சரணாலயத்துக்கு முந்தி இருந்தே ஊர்ப்பாதை.

"பிள்ளையளுக்கு நீங்கள் சொல்லுங்கோ மிஸ். உங்கட சொல்லை அதுகள் கேக்குங்கள்."

கேட்பார்கள்தான். அதுதானே பிரச்சினை.

பிப்ரவரி 3

கடவையில் முள்ளுவேலி போட்டோம். இரண்டு நாள் நின்றது. வள்ளம் இழுக்க இடைஞ்சல் என்று மாதாகரை ஆட்கள் பிடுங்கிக் கரையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மரியாதையாக, கயிற்றால் கட்டி.

எச்சரிக்கைப் பலகையும் வந்துவிட்டது. வாயைப் பிளந்த முதலைப் படம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் அதற்கு முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்று, ஒரு பெடியனின் போனில் படம் எடுத்தார்கள். எடுத்த கையோடு தண்ணீரில் இறங்கிப் போனார்கள்.

பிப்ரவரி 6

பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பேசினேன். இதைவிட மோசமாக ஒரு பாடம் நான் நடத்தியதில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போயிருந்தேன். வகுப்பு ஒரே அமைதியாகும், பயப்படுவார்கள், பிறகு ஆறுதலாக வீதியால் போகச் சொல்லலாம் என்பது திட்டம். படத்தை விரித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். கை தட்டினார்கள்!

"மிஸ், ஆம்பிளையா பொம்பிளையா?"

"மிஸ், பேர் என்ன?"

பேர். கழகத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் உயிரைக் கொடுத்து, பெயர் வைக்கச் சொன்னது நான்தான். பெயர் வைத்தால் அன்பு வரும், அன்பு வந்தால் கல்லெறிய மாட்டார்கள். போன வருடம் அது நன்றாக வேலை செய்தது. இன்றைக்கு அவர்களாகவே வாக்கெடுத்து முதலைக்குக் கோலியாத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஜெசிந்தா எழும்பி, தனக்கு இனி மீன்கொத்தி வேண்டாம், கோலியாத்துத்தான் வேண்டும் என்றாள்.

"அது ஆளைப் பிடிக்கும்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்லை மிஸ், நீங்கள் சொன்னனீங்கள். முதலை மனுசரைக் கண்டா ஒதுங்கிப் போகும். நாங்கள் தொந்தரவு குடுத்தாத்தான் கடிக்கும்."

சொன்னேன். போன வருடம் தெற்குப் பக்கத்துச் சின்ன முதலையைக் காட்டி, என் வாயால் சொன்னேன். இது வேற மாதிரி முதலை என்று இன்று விளக்கினேன், வித்தியாசங்களைக் கரும்பலகையில் எழுதினேன், அவர்கள் அதையும் சந்தோஷமாகக் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள்.

கழகத்துக்குப் பொறுப்பான ஞானமலர் ரீச்சர் வாசல் வரை வந்து வழியனுப்பினா. "பாத்தியளே, உங்களால பிள்ளையளுக்கு எவ்வளவு துணிவு" என்றா. அழுகை வந்துவிட்டது. தும்மல் என்று சமாளித்தேன்.

பிப்ரவரி 10

பேணாட் அண்ணனிடம் பேசாமல் இனி ஏலாது என்று துணிந்து பேசினேன். ஒக்டோபருக்குப் பிறகு அவரும் நானும் வேலைக்கதை மட்டும்தான். ஒரு மனிதரை அவருடைய மகளுக்கு முன்னால் வைத்துச் சிரித்தால் பிறகென்ன இருக்கும்? கோபப்படுவார், ஏசுவார், ஏசட்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

அவர் ஏசவில்லை. அது இன்னும் பயமாக இருக்கிறது.

"முதலைதானே மிஸ். பொல்லால தண்ணியில ரெண்டு அடி போட்டா ஓடிப்போயிடும். என்ட அப்பு காலத்திலயே கண்டிருக்கிறன். முனி எண்டாத்தான் பயம். அதுதான் இல்லையெண்டு நீங்கள் காட்டிப்போட்டியளே." எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, கூச்சத்தோடு சொன்னார். "மெய்யாச் சொன்னா, அதுக்குப் பிறகு நானும் கடவையாலதான் வாறனான். இத்தனை வருசம் வீணா அலைஞ்சிருக்கிறன்."

ஆகவே எல்லாரையும் நான் வென்றுவிட்டேன். பிள்ளைகளை, தகப்பனை, ரீச்சரை. இந்தக் களப்பைச் சுற்றிப் பயப்படுகிற ஒரே ஆள் நான்தான்.

பிப்ரவரி 12

மீன் தலைகள். கடவை ஓரத்தில், ஒரு வாழையிலையில் அழகாக வைத்திருக்கிறார்கள். கோலியாத்துக்குச் சாப்பாடாம்.

எல்லாவற்றையும் வாரிக் குழி தோண்டிப் புதைத்தேன். கையிலிருந்து அந்த மணம் போகவே இல்லை.

பிப்ரவரி 20

நோன்பு தொடங்கிவிட்டது. காலையில் பள்ளிக்கூட நேரத்துக்கும், மதியம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கும், பொல்லோடு கடவையில் நிற்கிறேன். தண்ணீரில் அடிப்பேன், கத்துவேன், பிள்ளைகள் தாண்டி முடியும்வரை மூச்சு விடுகிறேனா என்று எனக்கே தெரியாது. வீதியால் போகச் சொல்லிக் கெஞ்சியும் பார்த்தேன். "நீங்கள் நிக்கிறீங்கள்தானே மிஸ்" என்கிறார்கள். நான் நிற்பதே அவர்களுக்குத் துணிவாகிவிட்டது. நிற்காமல் விடவும் முடியவில்லை.

தண்ணீர் கலங்கலாக இருக்கிறது. அடியில் என்ன இருக்கிறது என்று ஒன்றும் தெரியாது. பிள்ளைகளின் கால்கள் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போய், மறு கரையில் திரும்ப வருகின்றன. அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒவ்வொரு காலாக.

பிப்ரவரி 25

கொழும்பிலிருந்து பெரிய இடத்து ஆட்கள் வந்தார்கள். ஆனந்தராசா சேர் என்னைப் பறவை பார்க்கிற கோபுரத்தை விட்டு இறங்க விடவில்லை. பூநாரையின் கால் ஏன் சிவப்பு என்று ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது பள்ளிக்கூட மணி கேட்டது. என்ன பதில் சொன்னேனோ தெரியாது. பள்ளிக்கூடப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு கடவைப் பக்கம் பிள்ளைகளின் சத்தம். படியில் விழுந்தடித்து இறங்கி ஓடினேன். பலகைப் பாதையில் செருப்பு கழன்றுவிட்டது. ஓடும்போது மனதுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான், அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது: ஜெசிந்தாவாக இருக்கக் கூடாது. வேறு யாராவதாக என்றா நினைத்தேன்? தெரியாது. அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும்.

பிள்ளைகள் எல்லாரும் மறு கரையில் நின்றார்கள். நனைந்தபடி, முழுதாக. நாய்தான் இல்லை. பேணாட் அண்ணன் வீட்டு நாய், ரொமி, தினமும் பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து அவர்களுக்குப் பின்னால் நீந்திப் போகும். ஒரு குரைப்புக் கேட்டதாம். திரும்பிப் பார்த்தார்களாம். தண்ணீர் வட்டமாகச் சுழன்றதாம்.

ஜெசிந்தா அழுதுகொண்டிருந்தாள். எனக்கு, சொல்லக் கூடாது, ஒரு நிம்மதி. இனி இறங்க மாட்டார்கள்.

பிப்ரவரி 27

இறங்கினார்கள்.

நேற்று வீதியால் வந்தார்கள். இன்று காலை நான் பொல்லோடு ஓடி வருவதற்குள் பெரிய பெடியன்கள் தாண்டிவிட்டார்கள். ஜெசிந்தா அழுத கண்ணோடு, தகரப்பேணியைத் தடியால் தட்டிக்கொண்டு பின்னால் வருகிறாள். நடுத்தண்ணீரில் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றி, "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினேன்.

"அதுக்கு இப்ப பசிக்காது மிஸ். முதலை ஒருக்காத் திண்டா கன நாளைக்குத் தின்னாது. நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்."

படிப்பிச்சனான். எல்லாத்தையும் நான்தான் படிப்பிச்சனான். வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே நான். ரிக்கெற்றைக் கிழிச்சுக் குடுத்திட்டு, கன்ரீன் எங்க எண்டு காட்டிப்போட்டு இருந்திருக்கலாமே!

பிடிக்கிற குழு அடுத்த மாதக் கடைசியில் வருமாம்.

மார்ச் 2

ஒரு வழி இருக்கிறது. வேண்டாம், அது மட்டும் வேண்டாம்.

மார்ச் 3

செய்துவிட்டேன்.

நோன்பு வாயோடு செய்தேன். எழுதி வைக்கிறேன், பிறகு நானே இதை மாற்றிச் சொல்லக் கூடாது.

கழக நேரத்தில் ஞானமலர் ரீச்சர் அதிபரைப் பார்க்க வெளியே போயிருந்தா. கதவைச் சாத்தினேன். நான் ஒரு நாளும் கதவைச் சாத்திப் படிப்பித்ததில்லை, அதிலேயே பிள்ளைகள் பாதி அடங்கிவிட்டார்கள். உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், பெரிய ஆட்களிடம் சொல்லவில்லை என்றேன். கடவையில் ஒன்றும் இல்லை என்று சொன்னது பிழை, எனக்கு அப்போது தெரியாது என்றேன். போன வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் கோபுரத்தைப் பூட்டிவிட்டு இறங்கினேன், கடவையில் ஓர் ஆள் நின்றது, தண்ணீருக்குள் இல்லை, தண்ணீருக்கு மேல், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது என்றேன்.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது எனக்கு? யோசிக்கவே தேவையிருக்கவில்லை. நல்லாய் வந்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையின் சட்டையைப் பிடித்தது.

ஜெசிந்தா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, எனக்குத் துணையாகச் சிரித்தாள். மிஸ் பகிடி விடுகிறா, கடைசியில் "ஒண்டும் இல்லை" என்று முடிப்பா என்று காத்திருந்தாள். அவள் சிரித்தால் நாளைக்கு இறங்குவாள். அவள் இறங்கினால் எல்லாம் இறங்கும்.

ஆகவே சொன்னேன். "அது திரும்பாமலே என்னட்டக் கேட்டது. 'ஜெசிந்தா எங்க?' எண்டு கேட்டது."

அவளுடைய சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. பிறகுதான் போனது.

மார்ச் 4

காலையில் கடவையில் ஒருவரும் இல்லை. மதியமும் இல்லை. வீதியால் போனார்கள், எல்லாரும், ஒன்றாக ஒட்டிக்கொண்டு.

வென்றேன் என்று எழுதக் கை வரவில்லை. ஜெசிந்தா அந்தக் கூட்டத்தில் இல்லை.

மார்ச் 6

ஜெசிந்தாவுக்குக் காய்ச்சல். மூன்று நாளாகக் கண் திறக்க மாட்டாளாம். தாய் பக்கத்தில் படுத்தால்தான் படுப்பாளாம், கக்கூசுக்குப் போகவும் ஆள் வேண்டுமாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வீரிட்டுக் கத்துகிறாளாம். அதனால் வீட்டில் அவளை இப்போது ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

பேணாட் அண்ணன் ரிக்கெற் அறை வாசலில் வந்து நின்றார். சவரம் செய்யாத முகம். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"மிஸ், மெய்யே? நீங்கள் கண்டனீங்களோ?"

இல்லை என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சுகிற கண். ஒரு சொல் போதும். சொன்னால் இன்றைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் விடும். சொன்னால் திங்கட்கிழமை எல்லாரும் தண்ணீரில் நிற்பார்கள், முதலை கடைசியாகத் தின்று இன்றோடு எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும்.

"ஓம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, என் மேல் இரக்கப்பட்டு, "நீங்களும் தனியக் கோபுரத்தில நிக்காதேங்கோ" என்றார். நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவருடைய சைக்கிள் போகிற சத்தம் அடங்கும்வரை எழும்ப முடியவில்லை.

மார்ச் 9

ஞானமலர் ரீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டா. இரண்டாம் வகுப்பில் ஒரு பிள்ளை வகுப்புக்குள்ளேயே மூத்திரம் பெய்துவிட்டதாம், தனியாக வெளியே போகப் பயத்தில்.

"படிச்ச பிள்ளை எண்டுதானே உங்களை உள்ள விட்டனான். இனி என்ட பிள்ளையளிட்ட வராதேங்கோ."

முதலையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவவுக்கும் அது தெரியும். தெரிந்தும்தான் தடுக்கிறா. படிக்கட்டில் சாக்பீஸ் துண்டு ஒன்று கிடந்தது, அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

மார்ச் 13

உம்மா போன் எடுத்தா. சொல்லிவிடலாம் என்று தொடங்கினேன். "உம்மா, நான் ஒரு புள்ளையப் பயங்காட்டிட்டன்."

"புள்ளைகளப் பயங்காட்டாம வளக்க ஏலுமா? அத விடு. பெருநாளைக்கு வாறியா இல்லியா? சட்டைக்குத் துணி எடுக்கணும்."

வருகிறேன் என்றேன். பச்சை நிறம் எடுக்கச் சொன்னேன்.

மார்ச் 17

இன்று கோபுரத்தைப் பூட்டிவிட்டு இறங்கும்போது கடவைப் பக்கம் பார்க்கவில்லை. பூட்டை இழுத்துப் பார்க்கவும் நிற்கவில்லை. அது என் வாயில் பிறந்தது என்று எனக்குத் தெரியும், பிறந்த நாளும் நேரமும் தெரியும். ஆனாலும் பலகைப் பாதையில் ஓடினேன். வேலைக்கு வந்த பெண் இப்படி ஓடுவதை யாராவது கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள். கண்டவர் யாரும் இல்லை, எல்லாரும் பொழுதுபட முந்தியே போய்விடுகிறார்கள் இப்போது.

மார்ச் 24

பெருநாள் முடிந்து வந்தேன். பச்சைச் சட்டை நன்றாக இருக்கிறது என்றார்கள். ஜெசிந்தா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளாம். தகப்பன் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போகிறார், வீதியால். கழகத்தை விட்டு விலகிவிட்டாள். கழகச் சின்னத்தைத் திருப்பி அனுப்பியிருந்தாள், ஒரு கடுதாசித் துண்டில் சுற்றி, பெயர் எழுதாமல்.

ஏப்ரல் 1

பிடித்துவிட்டார்கள். இரும்புக் கூட்டுக்குள் கோழி கட்டி வைத்து, கடவையிலேயே, பிள்ளைகள் கால் வைக்கிற அதே இடத்தில். விடியப் பார்த்தபோது உள்ளே கிடந்தது. நான் படத்தில் நினைத்ததைவிடப் பெரிது. கண்ணை மூடவே இல்லை. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்து லொறியில் ஏற்றினார்கள். அந்த வாய்க்கு முன்னால் எத்தனை காலைகள் அவர்களை நடக்க விட்டிருக்கிறேன்!

சரிதான், நான் செய்தது சரிதான் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். லொறியின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

குச்சவெளியிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் சனம் வந்திருந்தது. சோடா விற்கிறவன்கூட வந்துவிட்டான். மாதாகரையிலிருந்து பெரிய ஆட்கள் வந்தார்கள். பிள்ளை ஒன்றுகூட வரவில்லை. பிப்ரவரியில் மீன் தலை கொண்டுவந்து வைத்த பிள்ளைகள்.

பேணாட் அண்ணன் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார். லொறி வீதியில் ஏறும்வரை பார்த்தார்.

"இது சரி மிஸ். மற்றதுக்கு இவையளிட்டக் கூடு இருக்கோ?"

ஏப்ரல் 8

ஆனந்தராசா சேர் காலையில் கூப்பிட்டார். ஒப்பந்தம் ஒரு வருடத்துக்கு நீடித்தாயிற்று. இந்தப் பருவத்தில் ஓர் அசம்பாவிதமும் நடக்கவில்லை, மாதாகரை ஆட்கள் கடவைப் பக்கமே வருவதில்லை, நல்ல விழிப்புணர்வு வேலை என்று தலைமை அலுவலகத்தில் சொன்னார்களாம். நன்றி சேர் என்றேன்.

மதியம் வீதிக்குப் போய் நின்றேன். பேணாட் அண்ணன் இன்றைக்கு லீவு எடுத்துக் கடலுக்குப் போயிருக்கிறார், மகளைச் சைக்கிளில் ஏற்ற வர மாட்டார் என்று தெரியும். பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், என்னைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கிக் கடந்தார்கள். ஜெசிந்தா பின்னால் வந்தாள். மெலிந்திருக்கிறாள். நான் பெயர் சொல்லாமல், "பிள்ளை, கொஞ்சம் நில்லுங்கோ" என்றேன். நின்றாள்.

எப்படிச் சொல்வது என்று இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தேன், எல்லாம் மறந்துவிட்டது. வெயிலில் அப்படியே முழங்காலில் இருந்து சொன்னேன். "நான் அண்டைக்குச் சொன்னது பொய். நான் ஒண்டையும் காணேல்ல. ஒண்டும் உங்களைக் கேக்கேல்ல. முதலை பிடிச்சுப்போடும் எண்ட பயத்தில நான்தான் பொய் சொன்னனான். இப்ப முதலையும் இல்லை. ஒண்டுமே இல்லை அங்க. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவள் என்னைக் கன நேரம் பார்த்தாள். கோபம் இல்லை. ஒக்டோபரில் நான் அவர்களைக் கண்டலுக்குள் கூட்டிக்கொண்டு போனபோது, பின்னால் நின்று பயந்த சின்னப் பிள்ளைகளை இவள் இப்படித்தான் பார்ப்பாள்.

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லோணும் மிஸ்" என்றாள், குரலைத் தணித்து. "கண்டதெண்டு சொன்னா அது உங்களையும் கூப்பிடும். அப்பா சொன்னவர்."

"இல்லை, மெய்யா —"

"சத்தமாக் கதைக்காதேங்கோ." கடவைப் பக்கம் ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்கோ, நான் உங்களைக் கேற் மட்டும் கொண்டுபோய் விடுறன். தனியப் போகாதேங்கோ."

சின்னக் கை, வியர்த்திருந்தது. கேற் வரும்வரை அவள் விடவில்லை.